வாசலில் கழற்றிய செருப்பு

தம்பி, நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், இனி அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகவே பேப்பர், பேனா. தாம்பரம் போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டபோது கவுன்ட்டரில் இருந்த பெண் ஏற இறங்கப் பார்த்து, "என்னா சார், கோர்ட்டுக்கா?" என்றாள். "இல்லம்மா, பையனுக்கு" என்றேன். "அப்ப அதவிட சீரியஸ்" என்று சொல்லி ஒட்டிய ஸ்டாம்ப்புக்கு மேல் இன்னொன்றும் ஒட்டச் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். தை மாதம் உனக்குக் கல்யாணம். ஜனனியின் அப்பா தன் பெண்ணைத் தானே தாரைவார்த்துக் கொடுக்கப் போவதில்லை, அவர் தம்பி செய்வார் என்று அந்த வீட்டிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் அழுகிறாள். நீ பூனாவில் உட்கார்ந்துகொண்டு என்னோடு பேசாமல் இருக்கிறாய். இத்தனைக்கும் காரணம் உன் அப்பன் வரைந்த ஒரு படம். நடந்ததை முழுதாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கேள். திட்டுவதற்கு முழு விவரமும் தெரிந்திருப்பது நல்லதில்லையா?

பென்சிலை என் கையில் கொடுத்தது நீதான். உன்மேல் பழி போடவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். நான் ரிட்டையர் ஆன புதிதில் உன் அம்மாவின் சமையலறையில் டப்பாக்களை அளவுவாரியாக அடுக்கி, லேபிள் ஒட்டி, அவளுக்குப் பெருங்காயம் எங்கே என்று தெரியாமல் செய்துவிட்டேன். அவள் உனக்குப் போன் பண்ணி, "ஒண்ணு உங்கப்பாவ வேலைக்குச் சேத்து விடு, இல்ல என்ன எங்கயாச்சும் சேத்து விடு" என்றாள். அடுத்த தடவை வந்தபோது நீ ஒரு டிராயிங் புத்தகமும் ஒரு பெட்டி பென்சிலும் வாங்கி வந்தாய். பத்தாவதுக்கு மேல் ஏறாத ஆளுக்கு டிராயிங்கா என்று நான் சிரித்தேன். ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் போல்ட், நட்டு, வாஷர் என்று எண்ணியே காலம் போனது. ஒரு பொருள் என் கண்ணில் பட்டால் அது எந்த ரேக், எத்தனை பாக்கி, அவ்வளவுதான். அது எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

முதலில் வரைந்தது காபி டம்ளர். வாய் வட்டம்தானே என்று வட்டமாகப் போட்டேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "இது என்ன, அம்மிக்கல்லா?" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. டம்ளரை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்து, காபி ஆறிப் போகிற வரைக்கும் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு டம்ளரின் வாய் வட்டமே இல்லை. நசுங்கிய வட்டம். தலையைத் தாழ்த்தினால் இன்னும் நசுங்குகிறது. அந்த எவர்சில்வர் உடம்பில் நம் ஹால் ஜன்னல் முழுசும் இருக்கிறது, கம்பி உட்பட, ஆனால் வில் மாதிரி வளைந்து. ஜன்னலுக்குப் பக்கத்தில் சுரைக்காய் மாதிரி நீண்ட ஒரு முகம், அது நான். ஆயுள் முழுக்கக் காலையும் மாலையும் கையில் பிடித்த டம்ளர், தம்பி. உள்ளே இருந்ததைக் குடித்துவிட்டுக் கீழே வைத்ததோடு சரி, ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் கேன் கடை வாசலில் அடுக்கிய கேன்களுக்குள் காலை வெயில் புகுந்து, நடைபாதையில் நீல வெளிச்சம் தளும்பும். பால் வாங்கப் போனவன் அதற்காக நின்றுவிடுவேன். மொட்டை மாடிக் கொடியில் துணி கிளிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் அந்தக் கிளிப்புகளுக்கு நடுவே நுழைந்து வெளியே போகும். மழை விட்டதும் முடிச்சூர் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் மருந்துக் கடை டியூப் லைட் தலைகீழாக எரிவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று அந்த டியூப் லைட்டைக் கலைத்து மொத்தமாக என் சட்டைமேல் ஊற்றிவிட்டுப் போனது. டிரைவர் திரும்பி, "யோவ் பெர்சு, இன்னாத்த தொலச்சிட்டு தேடிகினு கீற?" என்று கேட்டான். தொலைத்த மாதிரித்தான் இருந்தது. வரைந்த படங்களில் முக்கால்வாசி குப்பை. ஆனால் வரைவதற்காக ஒரு பொருளைப் பார்க்க ஆரம்பித்தால், கையில் பென்சில் இல்லாதபோதும் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இவ்வளவு நல்ல விஷயத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. படத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். முதலில் உனக்கு, அப்புறம் பழைய கம்பெனி ஆட்களுக்கு, அப்புறம் கல்யாணத்துக்காக ரெண்டு வீட்டாரையும் சேர்த்து நீ ஆரம்பித்தாயே ஒரு குரூப், அதில். யாராவது ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் போதும், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ஒருத்தரும் எதுவும் சொல்லாவிட்டால், "படம் வந்துச்சா?" என்று கேட்டு இன்னொரு தடவை அனுப்புவேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

அவர்கள் நம் வீடு பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். வாசல் சின்னது, செருப்புகள் படியிலிருந்து கேட் வரைக்கும் போய்விட்டன. ஜனனியின் அப்பா வேனிலிருந்து கடைசியாக இறங்கி, எல்லோரும் உள்ளே போகிற வரைக்கும் வெளியே யாரிடமோ பேசுவது போல நின்று, அப்புறம் வந்தார். வந்தவர் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். கும்பிடுவதற்கும் எழவில்லை, காபிக்கும் எழவில்லை. நாம் பெண் பார்க்கப் போனபோதும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை என்று உன் அம்மா வீட்டு ஆட்கள் முணுமுணுத்தது உனக்குத் தெரியும். நானும் முணுமுணுத்தேன் என்பது உனக்குத் தெரியாது. "வாத்தியாரா இருந்தவரு, நாமதான் எழுந்து நிக்கணும்னு நெனைக்கிறாரு போல" என்று உன் அம்மா காதில் சொன்னேன்.

எல்லோரும் மாடிக்கு உன் அறையைப் பார்க்கப் போனார்கள். அவர், "நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். வீட்டுக்காரன் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேச வேண்டும். நானும் உட்காரத்தான் போனேன். கதவு வழியாக வாசல் தெரிந்தது. சாயங்கால வெயில் சரிந்து அத்தனை செருப்புகள்மேலும் விழுந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைவிட நீளமான ஒரு நிழல் செருப்பு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்று கவிழ்ந்து, ஒரு குழந்தையின் செருப்பு பெரிய செருப்புக்குள்ளேயே நின்றுகொண்டு. "ஒரு நிமிஷம் சம்பந்தி" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஓரத்தில், மற்றவற்றோடு சேராமல், சுவரை ஒட்டி நேராக ஒரு ஜோடி கழற்றி வைத்திருந்தது. அதில் ஒரு செருப்பின் அடி மட்டும் அடுக்கடுக்காக ரப்பர் ஒட்டி உயர்ந்திருந்தது. வெயிலில் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு கறுப்பு. யாரோ சிக்கனமான மனிதர், தேயத் தேய ஒட்டிப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் ஏன் தேய வேண்டும் என்று நினைக்கவில்லை. அதை எல்லாவற்றையும்விட ஆசையாக, அடுக்கடுக்காக வரைந்தேன். அந்தச் செருப்புக்கு உரிய மனிதர் எனக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், தனியாக உட்கார்ந்து நம் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் படத்தைக் குரூப்பில் போட்டேன். 'நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்' என்று தலைப்பு வேறு. உடனே பம்மலிலிருந்து உன் மாமா எழுதினான்: "இன்னா மச்சான், ஓரத்துல ஒரு ஜோடி, ஒண்ணு கிரவுண்ட் ஃப்ளோர்ல கீது, ஒண்ணு ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல கீது!" எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்கிறேன், நீ காறித் துப்பினாலும் பரவாயில்லை. என் படத்தை ஒருத்தன் இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறானே என்று சந்தோஷம். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையைப் போட்டேன். அதோடு விட்டேனா? "லிஃப்ட் வசதி உண்டான்னு கேட்டுச் சொல்லு மாப்ள" என்று எழுதினேன். நம் பக்கத்து ஆட்கள் வரிசையாகச் சிரித்தார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்றும் நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், சம்பந்தி குரூப்பை விட்டுப் போய்விட்டார் என்று ஒரு வரி வந்து நின்றது. கை தவறிப் பட்டிருக்கும் என்று அவரைத் திரும்பச் சேர்த்தேன். மறுபடியும் போய்விட்டார்.

அப்புறம் உன் போன். "அப்பா, அது யாரோட செருப்புன்னு தெரியுமா?" என்றாய். தெரியாது என்றேன். "அவருக்குச் சின்ன வயசுலேயே ஒரு கால் குட்டைப்பா. ஜனனி எங்கிட்ட சொன்னா. ஊருக்கெல்லாம் சொல்ற விஷயமா இது? செருப்ப கழட்டினா நடை தெரிஞ்சிடும்னுதான் அவரு எங்கயும் எழுந்திருக்கிறதில்ல." நான் வாயைத் திறப்பதற்குள், "உனக்கு ஏம்ப்பா இந்த வேலை? அந்தப் பென்சில தூக்கிப் போடு மொதல்ல" என்று வைத்துவிட்டாய். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா, "என்னவாம்?" என்றாள். சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். போய் அடுப்பை அணைத்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நீ சொன்னபடி பென்சில் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன். கண்ணைப் பரணில் போட முடியவில்லை. மறுநாள் காலையில் பேப்பர் எடுக்க வாசலுக்குப் போனால், எங்கள் இருவர் செருப்பும் கிடக்கிறது. என்னுடையது குதிகாலில் தேய்ந்திருக்கிறது, அது நிதானமாக நடக்கிறவன் செருப்பு. உன் அம்மாவுடையது முன்பக்கம், விரல்கள் ஊன்றுகிற இடத்தில் தேய்ந்து, நூல் தெரிகிறது. மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் ஸ்டேஷனுக்கும் நான் என் பாட்டுக்கு முன்னால் போக, காய்ப் பையோடு பின்னாலேயே எட்டிப் போட்டு வந்த செருப்பு அது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எத்தனை ஜோடி இப்படித் தேய்ந்ததோ. படியில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குக் கல்யாணப் புத்திமதி என்று ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஜனனியோடு நடக்கும்போது அவ்வப்போது அவள் எங்கே வருகிறாள் என்று பார்த்துக்கொள். எனக்கு இது தெரிவதற்கு நான் கிழவனாக வேண்டியிருந்தது, அடுத்தவர் செருப்பைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டியிருந்தது.

போன வாரம், உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொல்லாமல், செங்கல்பட்டு வண்டி பிடித்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். அந்தப் பக்கத்தைப் புத்தகத்திலிருந்து கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். அவரிடமே கொடுத்துவிட வேண்டும், கிழிக்கிறதோ எரிக்கிறதோ அவர் பாடு. ஜனனி கேளம்பாக்கத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவர் வீட்டம்மா கதவைத் திறந்து, "வாங்க" என்பதை வராதே என்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் நாற்காலியில் இருந்தார்.

"வாங்க சம்பந்தி. எழுந்திருக்கலன்னு தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். "அது உங்க செருப்புன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா வரைஞ்சிருக்க மாட்டீங்க."

ஆமாம் என்று சொல்லிக் காலில் விழுந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "அது தெரியலைங்க. அழகா இருந்துச்சு" என்றேன்.

"எது?"

"அந்த அடுக்கு. ஒவ்வொண்ணும் ஒரு கறுப்பா, வெயில்ல..."

அவர் என்னைப் பார்த்தார். வகுப்பில் பொய் சொல்கிற பையனைப் பார்த்துப் பழகிய பார்வை. "முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தேன். பசங்க அந்தச் செருப்புக்கு வெச்ச பேரெல்லாம் எனக்குத் தெரியும். போர்டு பக்கம் திரும்பினா முதுகுக்குப் பின்னால அந்தப் பேரு கேக்கும். அழகுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. நீங்களும் சொல்லலையே சார். லிஃப்ட் இருக்கான்னுதான கேட்டீங்க?"

சம்பந்தி போய் சார் வந்ததைக் கவனித்தாயா? நான் தரையைப் பார்த்தேன். அழகாக இருந்தது என்று உண்மையாகவே பார்த்தவன், நாலு பேர் சிரித்ததும் அந்த நாலு பேரோடு போய் நின்றுகொண்டேன். அது எனக்கு அங்கே, அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது.

"நான் அதைக் கழட்டி வாசல்ல விட்டுட்டுதான் சார் உங்க வீட்டுக்குள்ள வந்தேன்" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. "நீங்கதான் அதை உள்ள எடுத்துட்டு வந்தீங்க."

படத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். விரலை ஓரத்தில் வைத்து, "வார்ல ரெண்டு தையல் உண்டு. நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க" என்றார். பேப்பரை மடித்தார். எனக்குத் திருப்பித் தரவில்லை. தன் சட்டைப்பையிலும் வைக்கவில்லை. டி.வி. ரிமோட்டுக்கு அடியில் வைத்தார்.

நான் கிளம்பியபோது எழுந்தார். "வேணாங்க, உக்காருங்க" என்றேன். "வந்தவங்கள வாசல் வரைக்கும் அனுப்பறது எங்களுக்கும் தெரியும்" என்றார். நடந்தார். அதைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன், தம்பி, வரையவும் மாட்டேன். ஆனால் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் கை நாற்காலி முதுகைத் தொட்டு, டி.வி. மேஜையைத் தொட்டு, அப்புறம் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தது. அந்த உயரத்தில், நாற்காலியிலிருந்து வாசல்படி வரைக்கும், சுண்ணாம்பு வழவழவென்று கறுத்து ஒரு கோடாக ஓடியது. வருஷக்கணக்காக ஒரு கை போட்ட கோடு. கதவு நிலையில் கை பிடிக்கிற இடம் மட்டும் மரம் பளபளத்தது. பெண் பார்க்கப் போனபோதும் அந்தக் கோடு அங்கேதான் இருந்திருக்கும். நான் அன்று கேசரியில் முந்திரி குறைவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மண்டபத்துல நடு ஹால்ல பிடிச்சுக்க சுவர் கிடையாது. மேடைக்குப் படி வேற" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. கோபம் இல்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"நான் பக்கத்துல வரேங்க" என்றேன்.

"நீங்களா? குத்துவிளக்க தட்டி விட்டுட்டு என்மேல பழி போடுவீங்க." சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை அசைந்தது. "பாக்கலாம், சம்பந்தி. போய்ட்டு வாங்க."

பாக்கலாம் என்றுதான் சொன்னார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் பேசி முடித்துவிட்டேன் என்று நீ நம்பிவிடாதே. நீ எனக்குப் போன் பண்ண வேண்டாம், அவருக்குப் பண்ணு. என் சார்பில் மன்னிப்புக் கேட்காதே, அது என் வேலை, இன்னும் பாக்கி இருக்கிறது. மேடைக்கு எந்தப் பக்கத்துப் படி வசதி, யார் கையைப் பிடித்துக்கொள்வது அவருக்குச் சம்மதம் என்று மட்டும் கேள். மாப்பிள்ளை கேட்டால் அவர் சொல்லலாம். அவர் படியேறினால் நீ மணவறையில் எழுந்து நில். ஐயர் உட்காரச் சொன்னாலும் பரவாயில்லை, நில்.

பென்சிலை இன்னும் பரணிலிருந்து எடுக்கவில்லை. அதை நீ ஊருக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம். அதற்குள் நான் வேறொன்று பழகிக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்தன்று பெண் வீட்டாரை வரவேற்க நான்தான் மண்டப வாசலில் நிற்பேன். சம்பந்தி, எல்லோரும் உள்ளே போகிற வரைக்கும் நின்று, கடைசியாக வந்து, குனிந்து செருப்பைக் கழற்றுவார். காலை வெயில் வேறு சரிந்திருக்கும். என் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் வாசலில் போய் நின்று, செருப்புகளைப் பார்க்காமல், கேட்டைத் திறந்து வருகிறவரின் முகத்தைப் பார்த்துப் பழகுகிறேன். பால்காரன் நேற்று, "இன்னா சார், மூஞ்ச அப்டி பாக்குற, பாக்கி எதனா கீதா?" என்று கேட்டுவிட்டான்.

இருக்கிறது என்றேன்.

உன் அப்பா